வின்சென்ட் தே பவுல் சபைக் குறிப்புகள்: ஓசானாம் நாள் முதல் வறியோர் ஞாயிறு வரை

2025 செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று அருளாளர் பிரடெரிக் ஓசானாம் திருநாள். ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கப் பொதுநிலையினரின் இந்தச் சபையை 1833இல் பாரிசில் சில மாணவர்களோடு தொடங்கியபோது அவருக்கு வயது 20. ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் அருட்சகோதரி ரோசலி ராந்து. சபையின் உயிர் இன்றும் அந்த இல்லச் சந்திப்பில்தான் இருக்கிறது.

இருவர் இருவராகப் போக வேண்டும். பெண் தனியாக இருக்கும் வீடென்றால் இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது கட்டாயம். கூலி வேலைக்குப் போகிறவர்களைப் பகலில் பார்க்க முடியாது. மாலை 6 மணிக்கு மேல் போகலாம். மகளிர் குழுக் கடனுக்கு வசூல்காரர் வரும் நாளைத் தவிர்ப்பது நல்லது. அன்று கையில் கொடுக்கும் பணம் வாசலிலேயே தவணைக்குப் போய்விடும். குறிப்பு நோட்டை வீட்டுக்குள் திறக்கக்கூடாது. வெளியே வந்தபின் எழுதினால் போதும். அடுப்பு, சிலிண்டர், மாத்திரை அட்டை இந்த மூன்றும் வாய் சொல்லாததைச் சொல்லும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அன்பியப் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) பொறுப்பாளர்களுக்கு நம்மைவிட முன்பே தெரியும். அவர்களைக் கேட்டுப் பட்டியல் போடும்போது கோயிலுக்கு வராதவர்கள், வேறு மதத்தவர் எல்லாரையும் சேர்க்க வேண்டும். சபையின் விதியே அதுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஏழை வீடுகளுக்குக் கொடுக்கும் மாதப் பை பற்றி. பல பங்குகளில் (ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகம்) பை என்றதும் முதலில் 5 கிலோ அரிசி போடுகிறார்கள். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அங்கேயே கிடைக்கின்றன. வீட்டில் இல்லாதவை வேறு.

தனியாக வாழும் முதியவர் ஒருவருக்கான பை: பச்சைப்பயறு 1 கிலோ, கெட்டி அவல் 1 கிலோ, பொட்டுக்கடலை அரைக் கிலோ, கடலை எண்ணெய் அரை லிட்டர், புளி கால் கிலோ, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் 100 கிராம் வீதம், குளியல் சோப்பு 2, துணி சோப்பு 2. பல் இல்லாதவருக்கு அவலும் பொடித்த பொட்டுக்கடலையும்தான் காலை உணவு. முட்டைக்குத் தெருமுனைக் கடையில் முன்பணம் கட்டி, வாரம் ஐந்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். ரவையும் மைதாவும் வேண்டாம், மழைக்காலத்தில் பத்து நாளில் வண்டு வைக்கும். சர்க்கரை நோயாளிக்கு பிஸ்கட் கொடுக்கவே கூடாது. நன்கொடையாக வருவதில் பாதி அதுதான். எடையைப் பிரித்து இரண்டு துணிப்பைகளில் கட்டினால்தான் முதியவரால் தூக்கி வைக்க முடியும்.

ரேஷன் வாங்கவே முடியாதவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வயதானவர்களின் கைரேகை தேய்ந்து இயந்திரத்தில் விழாது. கருவிழிப் பதிவு கேட்கலாம், அல்லது அங்கீகாரச் சான்றுப் படிவம் கொடுத்து இன்னொருவரை அனுப்பலாம். 2025 ஆகஸ்ட் 12இல் தொடங்கிய அரசின் தாயுமானவர் திட்டத்தில், தனியாக வாழும் முதியவர்களுக்கு ரேஷன் பொருள் வீட்டுக்கே வருகிறது. அந்த வண்டி வந்ததா என்று பார்ப்பதும் சந்திப்பில் ஒரு கேள்வியாக இருக்கட்டும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். ஒரு முறை சரியாக வாங்கிக்கொடுத்தால் நம் பையைவிடப் பெரியது அது, மாதம் தவறாமல் வருவது. அதனால் மனு, சான்று போன்ற தாள் வேலைக்கு ஒருவரைத் தனியாக ஒதுக்காத சபைக் கிளை தன் வேலையைப் பாதியில் விடுகிறது என்றே நினைக்கிறேன்.

தடை பெரும்பாலும் பெயரில் வரும். ஆதாரில் சவேரியம்மாள், வங்கிப் புத்தகத்தில் சேவியரம்மாள். ஒன்றில் அப்பா பெயரின் முதலெழுத்து, மற்றொன்றில் கணவருடையது. இ-சேவை மையத்துக்குப் போகும் முன் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். தனியே போய்விட்ட மகனின் பெயர் தாயின் ரேஷன் அட்டையிலேயே இருந்தால் விசாரணையில் மனு தள்ளுபடியாகலாம்; முதலில் அந்தப் பெயரை நீக்க வேண்டும். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிக் கிடக்கும், அதை உயிர்ப்பித்த பிறகே மனு. தொகை அனுமதியாகியும் பணம் வரவில்லை என்றால், ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டது என்று பாருங்கள். பணம் மறந்துபோன ஒரு கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும்.

அக்டோபர் 5, ஞாயிறு

மழைக்கு முன் தார்ப்பாய். ஒரு சாதாரண ஓலைக் கூரைக்கு 18க்கு 12 அடி போதும். மெல்லியதை வாங்கினால் ஒரே காற்றில் கிழியும். கிழிவது முகட்டிலும் கயிறு கோக்கும் கண்ணியிலும்தான். முகட்டில் பழைய சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் விரிக்க வேண்டும். கண்ணியில் கயிறு கட்டாமல், ஓரத்தில் ஒரு கூழாங்கல்லைப் பாயோடு சுற்றி அதன் கழுத்தில் நைலான் கயிற்றை இறுக்கினால் பிய்யாது. பாயை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால், கூரை ஏற ஆளில்லாத வீட்டில் அது மடித்தபடியே பெட்டிமேல் இருக்கும். கட்டிக்கொடுக்க இளைஞர் இயக்கத்தினர் கூடவே போக வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இலவசம். ஆனாலும் நோயாளிகள் இடையில் நின்றுவிடுகிறார்கள். வாரம் இரண்டு மூன்று நாள், நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் அன்றைய கூலி, மதியச் சாப்பாடு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். வெளியூர்ப் பேருந்தில் கிடையாது. ஆகவே கொடுக்க வேண்டியது பயணக்காசு. அதை மாதத்துக்கு மொத்தமாகக் கொடுக்காமல் வாரந்தோறும் கொண்டுபோய்க் கொடுத்தால், போனாரா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைக்கு நம் பணம் வேண்டாம். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் பதிந்தால் வீட்டுக்கு வரும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை நோய் வருமுன் எடுத்து வைக்க வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். சாவு வீட்டில் பெட்டி, குழிவெட்டுக் கூலி, வண்டி எல்லாவற்றுக்கும் அன்றிரவே பணம் வேண்டும். அந்த இரவில்தான் கந்துவட்டி வாசலுக்கு வருகிறது. அடக்கச் செலவுக்குத் தனி நிதி இருக்கட்டும். ஞாயிறு கூட்டம்வரை காத்திராமல் இருவர் கையெழுத்தில் எடுத்துக்கொடுக்கும் வசதியும் அதற்கு வேண்டும்.

நவம்பர் 12, புதன்

வரும் ஞாயிறு உலக வறியோர் நாள். திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தியது. முதன்முதலாக 2017 நவம்பர் 19இல் கொண்டாடப்பட்டது. அன்று அவர் ஏறத்தாழ 1,500 ஏழைகளோடு ஒரே கூடத்தில் அமர்ந்து சாப்பிட்டார்.

நூறு பேருக்கு: அரிசி 14 கிலோ, சாம்பாருக்குத் துவரம் பருப்பு 3 கிலோ, கூட்டுக்கும் பொரியலுக்கும் காய் 12 கிலோ, முட்டை 110, மோருக்குத் தயிர் 5 லிட்டர். வாங்கிச் செல்லும் வரிசை வேண்டாம். எல்லாருக்கும் இலை போட்டுப் பந்தி. பங்குப் பேரவையினர் பாதிப்பேர் பரிமாற, பாதிப்பேர் விருந்தினரோடு கலந்து உட்கார வேண்டும். அருட்தந்தையர்களுக்குத் தனி மேசை கூடாது. எழுந்து வர முடியாதவர்களுக்கான சாப்பாட்டை முதல் பந்திக்கு முன்பே கட்டி அனுப்ப வேண்டும், கடைசியில் என்றால் சோறு மட்டும்தான் மிஞ்சும். புகைப்படம் எடுக்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது: தன் பிள்ளையின் பள்ளித் தோழர்கள் பார்க்கும் படத்தில் கை நீட்டி நிற்க எந்தத் தாயும் விரும்பமாட்டாள்.

நவம்பர் 18, செவ்வாய்

பந்தியில் பேச்சோடு பேச்சாகச் சொன்ன தேவைகளை இந்த வாரச் சந்திப்புப் பட்டியலில் ஏற்ற வேண்டும். கணக்குப் புத்தகத்தில் பெயருக்குப் பதில் எண்; எந்த எண் யாருடையது என்ற தாள் தலைவரிடம் மட்டும். கூட்ட முடிவில் சுற்றும் இரகசியப் பையில் யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாது, அப்படியே இருக்கட்டும். சேர்ந்த பணத்தை வைப்புநிதியில் போட்டு வைப்பது சபைக்கு அழகல்ல.

கிறிஸ்துமஸ் துணிக்கு அளவு இப்போதே எடுக்க வேண்டும். சேலை மட்டும் கொடுத்தால் ரவிக்கைத் தையல் கூலிக்கு அந்த அம்மா கடன் வாங்குவார். தையல் கூலியையும் உள்பாவாடையையும் சேர்த்தே கணக்குப் போட்டு, டிசம்பர் 10க்குள் தையல்காரரிடம் துணி போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு எந்தத் தையல் கடையிலும் வாங்கமாட்டார்கள்.