குப்பை வண்டி வருவதற்கு முன்

சென்னை மாநகரத்தின் வீட்டுக் குப்பை பல ஆண்டுகளாக முக்கியமாக இரண்டு இடங்களில் குவிந்து வந்திருக்கிறது: வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டே வளர்ந்தது. அந்தச் சதுப்பு நிலம் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற அதே 2022ஆம் ஆண்டில், ஏப்ரல் மாத இறுதியில், அந்தக் கிடங்கில் பற்றிய தீ நாள்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது. தென்சென்னையில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தோம். காற்றுப் புகாமல் அழுத்திக் குவிக்கப்பட்ட சோறும் காய்கறித் தோலும் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணி அங்கே மேற்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆனால் புதுக் குப்பை நம் சமையலறைகளிலிருந்து நாள்தோறும் புறப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

நம் வீட்டிலிருந்து வெளியேறும் குப்பையின் எடையில் பாதிக்கு மேல் மக்கக்கூடியது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். ஈரக் குப்பை உள்ளே கலக்காவிட்டால் மீதமுள்ள காகிதம், அட்டை, பால் பாக்கெட், தகரம், கண்ணாடி எல்லாமே காயலான் கடையில் விலைபோகும் பொருள்கள்; சாம்பார் சொட்டிய மறுகணம் அவை யாரும் தொடாத குப்பையாகிவிடுகின்றன. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டளையிட்டன. பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்களே என்ற மனக்குறையை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அந்தக் குறை உண்மையாக இருக்கும் இடங்களில், ஈரக் குப்பையை மதிற்சுவரைத் தாண்ட விடாமலிருப்பதே உறுதியான வழி. எங்கள் அடுக்ககத்தில் நாங்கள் அதைத்தான் செய்கிறோம்.

தனி வீட்டுக்காரர் மண் தொட்டியில் எரு தயாரிப்பது நல்ல காரியம். பெங்களூரில் உருவான, ‘கம்பா’ எனப்படும் மூன்றடுக்குச் சுடுமண் எருப்பானைகளைச் சென்னையின் பல பால்கனிகளில் பார்க்கலாம். ஆயினும் அடுக்ககத்தில் ஒவ்வொரு வீடும் தனித்தனியே முயலும்போது, முதல் துர்நாற்றத்திலோ முதல் புழுவிலோ பாதிப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். காய்ந்த இலைக்கு அவர்களிடம் வழியில்லை, கிளறுவதற்கு இடமில்லை, ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆளுமில்லை. பொதுவில் செய்யும்போது இந்த மூன்று தடைகளும் ஒருசேர நீங்குகின்றன. எங்கள் வளாகத்தின் பின்பக்கம், செங்கற்களுக்கிடையே காற்றுப் போக இடைவெளி விட்டுக் கட்டிய மூன்று தொட்டிகள் இருக்கின்றன. ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும், அடுத்தது மூடப்பட்டு மக்கிக்கொண்டிருக்கும், மூன்றாவதிலிருந்து எரு எடுக்கப்படும். அடியில் தேங்காய் நாரும் சுள்ளிகளும், அதன் மேல் ஒரு படலம் சமையலறைக் கழிவு, அதை முழுவதும் மறைக்கும்படி காய்ந்த இலை, இடையிடையே சாணக் கரைசல் அல்லது புளித்த மோர்: முறை இவ்வளவுதான்.

இதில் எல்லாரும் குறைத்து மதிப்பிடுவது காய்ந்த இலையைத்தான். நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யக் கரிமமும் தழைச்சத்தும் சுமார் 30க்கு 1 என்ற அளவில் வேண்டும். சமையலறைக் கழிவில் தழைச்சத்து மிகுதி, கரிமம் குறைவு, சருகு நேர்மாறானது. சருகு குறைந்தால் குவியல் நீர்த்து, காற்றற்று, நாறும். போதிய சருகு இருந்தால் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே உள்ளே சூடேறி, 55 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் களை விதைகளும் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் மடிந்துவிடும். வேப்ப மரம் மாசியிலும் பங்குனியிலும் இலை உதிர்க்கிறது. வாதாமும் தூங்குமூஞ்சியும் தம் பங்கைத் தருகின்றன. தெருவில் கூட்டிக் குவித்துக் கொளுத்திவிடும் அந்தச் சருகைத்தான் நாங்கள் சாக்குகளில் அள்ளி ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துக்காக அடுக்கி வைக்கிறோம். வடகிழக்குப் பருவமழையின்போது நனையாத சருகு கையிருப்பில் இல்லாத அடுக்ககத்தில் எருத்தொட்டி நீடிக்காது என்பது என் உறுதியான கருத்து. ஈரப்பதத்தைக் கணிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால், நன்கு பிழிந்த துணியைப் போல ஈரம் உணரப்பட வேண்டும், நீர் சொட்டக் கூடாது.

புழுக்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லத்தான் வேண்டும். தொட்டியில் நெளியும் பருத்த, பழுப்பு நிறப் புழுக்கள் பெரும்பாலும் கருப்புச் சிப்பாய் ஈயின் புழுக்களே. அவை கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை. வளர்ந்த ஈ நம் சாப்பாட்டை நாடி வருவதில்லை. இதை ஒருமுறை பொறுமையாக விளக்கிய பிறகு எங்கள் குடியிருப்பில் அச்சம் வெகுவாகக் குறைந்தது. கொட்டாங்குச்சி மக்குவதற்கு நெடுங்காலம் பிடிக்கும் என்பதால் அதைத் தனியே காயவைத்து விறகாகக் கொடுத்துவிடுகிறோம். குழம்பு, ரசம் முதலியவற்றை வடித்துவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்பது மட்டும் இன்றளவும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொட்டியைக் கிளறுவதும் சருகு போடுவதும் எங்கள் வளாகத்துத் தூய்மைப் பணியாளரான அக்காவின் கைவேலை. இந்த வேலை தொடங்கியபோது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் வற்புறுத்தியது ஒன்றே: இது அவருடைய பழைய வேலையோடு சேர்த்துச் சுமத்தப்படக் கூடாது, தனி ஊதியம் வேண்டும், கையுறையும் நல்ல மண்வெட்டியும் சங்கத்தின் செலவில் வாங்கப்பட வேண்டும். நம் சுற்றுச்சூழல் அக்கறையின் பாரத்தைக் குறைந்த சம்பளம் வாங்கும் ஒருவர் தலையில் ஏற்றிவைப்பது அநீதி என்றே கருதுகிறேன். இன்று எரு எப்போது பக்குவமாகும் என்று அவர் சொல்வதுதான் கணக்கு. கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால்தான் சலிக்கச் சம்மதிப்பார்.

பெரிய அளவில் இது நடக்குமா என்று ஐயுறுபவர்கள் ஆலப்புழையைப் பார்க்கலாம். நகரத்துக் குப்பை முழுவதையும் சுமந்துகொண்டிருந்த சர்வோதயபுரம் மக்கள் 2012இல் இனி வண்டிகளை உள்ளே விட மாட்டோம் என்று மறித்துவிட்டார்கள். வேறு வழியற்ற நகரம், வீட்டளவில் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன்களையும், தெருவளவில் காற்றோட்ட எருத்தொட்டிகளையும் அமைத்து, குப்பையை அது உண்டாகும் இடத்திலேயே கையாளத் தொடங்கியது. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு, கழிவு மேலாண்மையில் முன்னுதாரணமான ஐந்து நகரங்களில் ஒன்றாக அதைக் குறிப்பிட்டது. என் நெஞ்சில் பதிந்தது அந்தப் பாராட்டைவிட முதலில் நடந்த மறிப்புதான். ஓர் ஊர் தன் குப்பையை இன்னோர் ஊரின் வாசலில் கொட்ட உரிமை உண்டா என்று அந்த மக்கள் கேட்ட கேள்வியைக் கொடுங்கையூரில் வாழ்பவர்களும் நம்மிடம் கேட்கலாம்.

எருவை அடுத்து, பொருள்களைக் குப்பையாகவிடாமல் கைமாற்றுவது. இதற்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது மார்கழியின் கடைசி வாரம். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போதுதான் பழந்துணியும் பாயும் பொம்மையும் புத்தகமும் வெளியே வருகின்றன. அவை தீக்குப் போகும் முன் ஒரு நாள் கீழ்த்தளத்தில் மேசை போட்டு, வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி பரப்பி வைக்கிறோம். கிழிந்ததையும் உடைந்ததையும் அங்கே வைப்பதில்லை. நாம் உடுத்தத் தயங்கும் நிலையிலுள்ள ஒன்றை இன்னொருவருக்குக் கொடை என்று நீட்டுவது மரியாதைக் குறைவு. ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் சீருடையும் பாடநூலும் இதே போல ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு இறங்குகின்றன.

இவற்றையெல்லாம்விடக் குப்பையைக் கண்கூடாகக் குறைத்தது எவர்சில்வர்ப் பாத்திரங்கள்தான். ஊர்க் கோயில்களில் பெரிய அண்டாக்களும் தாம்பாளங்களும் பொதுவில் இருக்கும். கல்யாணம், காதுகுத்து எந்த வீட்டில் நடந்தாலும் அங்கிருந்துதான் எடுத்துப்போவார்கள். அதே வழக்கத்தைப் பின்பற்றித் தட்டு, டம்ளர், கிண்ணம், கரண்டி ஆகியவற்றைச் சங்கம் மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறது. நூறு பேர் வரும் பிறந்தநாள் விழாவில் ஆளுக்கொரு தட்டு, ஒரு கிண்ணம், இரண்டு குவளை என்று கணக்கிட்டாலே ஒரே மாலையில் 400 உருப்படிகள் குப்பையாகும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டுகளுக்கும் குவளைகளுக்கும் தடை இருக்கிறது. ஆயினும் அவற்றின் இடத்தில் வேறொரு வீசி எறியும் பொருளை வைப்பது தீர்வாகாது. பாத்திரம் கழுவும் வேலைக்கு ஆள் வைத்துக் கூலி கொடுப்பது விழா வீட்டாரின் பொறுப்பு. அந்தச் செலவு, தட்டும் குவளையும் வாங்கும் செலவைவிடப் பெரிதாக இருந்ததில்லை.

பழுதுபார்ப்பு பற்றி எனக்குச் சற்று அதிகமாகவே சொல்ல இருக்கிறது. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’ இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. தன்னார்வலர்கள் ஒரு கூடத்தில் அமர்ந்து, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் விளக்கையும் மிதிவண்டியையும் இலவசமாகச் சரிசெய்து தருகிறார்கள். அங்கே கூலிக்குப் பழுதுபார்க்கக் கொடுத்தால் புதுப் பொருளின் விலையே ஆகிவிடும் என்பதால் அந்த ஏற்பாடு பொருந்துகிறது. நம் ஊரில் நிலைமை வேறு. மிக்ஸி சரிசெய்பவர், குடை தைப்பவர், ஜிப் மாற்றும் தையற்காரர், செருப்புத் தைப்பவர் ஆகியோர் இன்னும் தெருமுனையில் இருக்கிறார்கள். நாம் இலவச முகாம் நடத்தினால் அவர்களுடைய பிழைப்பைத்தான் கெடுப்போம். ஆகவே எங்கள் சங்கம் அவர்களையே வளாகத்துக்கு அழைத்து, நிழலும் மின்இணைப்பும் கொடுத்து, வீடுகளிலிருந்து வேலையைத் திரட்டித் தருகிறது. கூலி அவர்கள் கேட்பதுதான்; பேரம் பேசுவதில்லை என்பதைச் சங்கம் முன்கூட்டியே சொல்லிவிடும்.

அவர்கள் அருகில் உட்கார்ந்து கவனித்தால், நாம் தூக்கி எறிபவை எவ்வளவு சிறிய குறைகளால் வீணாகின்றன என்பது தெரியும். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர்தான் போயிருக்கும். மிக்ஸி உறுமியும் ஜாடி சுற்றாவிட்டால் அடியிலுள்ள கப்ளர் தேய்ந்திருக்கும். மோட்டாரில் பொறி பறந்தால் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். குக்கரில் ஆவி கசிந்தால் முதலில் கேஸ்கட்டை மாற்றிப் பார்ப்பார்கள். கிரைண்டரின் உருளை நின்றால் பெல்ட்டைப் பார்ப்பார்கள். இவை எல்லாமே புதுப் பொருளின் விலையில் மிகச் சிறு பங்குக்குக் கிடைக்கும் உதிரிகள். சரிசெய்ய முடியாதபடி ஒட்டி மூடிய பொருள்கள் இப்போது பெருகிவருவது எனக்குக் கவலை தருகிறது. பிரான்சில் 2021 முதல் கைப்பேசி, மடிக்கணினி, சலவை இயந்திரம் போன்றவற்றை எவ்வளவு எளிதாகச் சரிசெய்யலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டுக் காட்டிய பின்னரே விற்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அப்படியோர் எண் நம் கடைகளிலும் விலைச்சீட்டின் பக்கத்தில் இருந்தால், வாங்கும்போதே நம்மால் தீர்மானிக்க முடியும். அதுவரை நான் கடைக்காரரிடம் திருகாணி எங்கே இருக்கிறது, உதிரி எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டே வாங்குகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சுபவை உண்டு. சிப்ஸ், பிஸ்கட் உறைகள் பல படலங்களை ஒட்டிச் செய்யப்படுவதால் காயலான் கடையில் எடுக்க மாட்டார்கள். அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு விற்ற நிறுவனத்துடையது. பால் பாக்கெட்டைக் கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மூலையை முழுவதும் வெட்டி எறியாமல், துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறித் திறந்து, கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் போதும். குழந்தைகளின் டயப்பர், மாதவிடாய் நாப்கின் ஆகியவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு குறி இட்டுத் தனியே வைக்கிறோம். பிரிப்பவர் அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் ஏற்படாது. துணி நாப்கினுக்கும் மாதவிடாய்க் கோப்பைக்கும் மாறியவர்கள் எங்கள் குடியிருப்பில் சிலர் இருக்கிறார்கள். இதைக் கூட்டத்தில் பேசக் கூசியவர்களுக்காக, அவர்களே வீடு வீடாகச் சென்று மற்றப் பெண்களுடன் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.