பத்திரத்தில் இருக்கிறதா, நோட்டீஸ் போர்டில் இருக்கிறதா?

கும்பகோணம், ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் ரிடயர்மென்ட் வீடு பார்க்க வருகிறவர்கள் கோயில் எவ்வளவு தூரம், சாப்பாடு எப்படி, ராத்திரி நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் வருமா என்றெல்லாம் விசாரிப்பார்கள். பத்திரத்தில் என்னென்ன கட்டுப்பாடு என்று கேட்கிறவர் அபூர்வம். குடிபோய், பால்கனிக்குக் கம்பி க்ரில் போட ஆள் வந்து நின்ற பிறகுதான் வீட்டு உரிமையாளர் சங்கச் செயலாளர் ஒரு காகிதத்தோடு வருவார். அவரோடு நியாயம் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்த விதி எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

விதிகள் நான்கு இடங்களில் இருக்கும். கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்ட ஷரத்துகள்தான் கெட்டியானவை. பில்டரோ நிர்வாகக் கம்பெனியோ தனியாகக் கையெழுத்து வாங்கும் பராமரிப்பு ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டவரை மட்டும் கட்டும். சங்கத்தின் பைலா, அதாவது விதித்தொகுப்பு, உறுப்பினர் எல்லோரையும் கட்டும். ஆனால் பொதுக்குழு நினைத்தால் மாற்றலாம். கடைசியாக, நோட்டீஸ் போர்டிலும் வாட்ஸ்அப் குழுவிலும் "இனிமேல்" என்று ஆரம்பித்து வரும் அறிவிப்புகள். பின்னால் பைலா விதியோ பொதுக்குழுத் தீர்மானமோ இல்லையென்றால் அவை வெறும் வேண்டுகோள்தான். மதியம் ஒன்று முதல் நான்கு வரை குக்கர் விசில் கேட்கக் கூடாது என்ற ரகமெல்லாம் இதில்தான் வரும்.

பத்திர ஷரத்து ஏன் கெட்டி என்பதற்கு 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தில் மூன்று பிரிவுகளைப் பார்த்தால் போதும். வாங்கியவர் யாருக்கும் விற்கவே கூடாது என்று முழுத் தடை போட்டால், பிரிவு 10-இன்படி அந்தத் தடை செல்லாது. விற்கும்போது முதலில் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது போன்ற பகுதித் தடை பொதுவாக நிற்கும். முழு உரிமையோடு விற்றுவிட்டு, அதை எப்படி அனுபவிக்க வேண்டும் என்று கட்டளை போட முடியாது என்கிறது பிரிவு 11. பக்கத்துச் சொத்தை நல்லபடியாக அனுபவிப்பதற்காகப் போடும் கட்டுப்பாட்டுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. பிரிவு 40, அப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பது தெரிந்து வாங்கியவரையும், செட்டில்மென்ட் மாதிரி பணம் கொடுக்காமல் பெற்றவரையும் பிடிக்கும். "இதைச் செய்யாதே" என்ற வகை நிலத்தோடு போகும். "மாதா மாதம் இவ்வளவு கட்டு" என்ற வகை அவ்வளவு சுலபமாக அடுத்தவர் தலையில் ஏறாது. அதனால்தான் மறுவிற்பனையின்போது தடையில்லாச் சான்று கேட்டு, புதியவரிடம் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள்.

இது கிரயம் வாங்கிய வீட்டுக்கு. டெபாசிட் கட்டி ஆயுள்வரை தங்கும் திட்டமாக இருந்தால் நீங்கள் உரிமையாளரே இல்லை. ஒப்பந்தம் சொன்னதுதான் எல்லாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் "ஆயுள்வரை" என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வில்லங்கம் பார்த்துவிட்டோம், சுத்தமாக இருக்கிறது என்று பலர் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். வில்லங்கச் சான்றில் பத்திர எண், தேதி, யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார், சர்வே எண், சொத்து விவரம் இவைதான் வரும். உள்ளே பதினேழாம் பக்கத்தில் உள்ள ஷரத்து வராது. பதிவாகாத பராமரிப்பு ஒப்பந்தம் அறவே வராது. எனவே, ஏற்கெனவே குடியிருப்பவர் ஒருவருடைய கிரயப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்கிப் படியுங்கள். புதுத் திட்டமாக இருந்தால், ரேரா (மனை வணிக ஒழுங்குமுறை) சட்டப்படி விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கப் பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் வேண்டும். கிரயப் பத்திர வரைவு, பைலா வரைவு இரண்டையும் கேட்டு வாங்க அதுதான் சரியான நேரம். பணம் போன பிறகு கேட்டால் "ஸ்டாண்டர்ட் ஃபார்மட் சார்" என்ற பதில்தான் வரும். நிலம் 500 சதுர மீட்டருக்குள், அல்லது எட்டு வீட்டுக்குள் முடியும் சின்னத் திட்டங்களுக்கு ரேரா பதிவு கட்டாயமில்லை. டெல்டாவில் அக்ரஹாரத்துப் பழைய வீட்டை இடித்துக் கட்டுவது பலவும் இந்த ரகம்தான். இங்கே இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அடிமனை, அதாவது கட்டடம் நிற்கும் நிலம், கோயிலுடையதா, மடத்துடையதா. கோயில் நிலத்தை அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்றது செல்லாது. அதன்மேல் நின்று பைலாவைப் பற்றிச் சண்டை போட்டு என்ன பயன்?

இனி ஷரத்துகள். "55 வயதுக்கு மேற்பட்டவர் மட்டும்" என்று இருந்தால் அது வாங்குபவருக்கா, குடியிருப்பவருக்கா? பெரும்பாலும் குடியிருப்பவருக்குத்தான். அமெரிக்காவில் இருக்கும் மகன் தன் பெயரில் வாங்கி அப்பா அம்மாவைக் குடிவைப்பது சகஜம். அப்போது உறுப்பினர் மகன்தான். பொதுக்குழுவில் அப்பாவுக்கு ஓட்டு இல்லை. பைலா பதிலாளை அனுமதிக்கிறதா என்று பார்த்து, முதல் நாளே மகனிடம் எழுத்தில் அதிகாரம் வாங்கிச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள். பெற்றோர் காலத்துக்குப் பிறகு மகனுக்கு அங்கே குடியிருக்க வயது வந்திருக்காது. விற்கலாம், இன்னொரு முதியவருக்கு வாடகைக்கு விடலாம், அல்லது பூட்டி வைத்துப் பராமரிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கலாம். கணவர் தவறி, மனைவிக்கு வயது 52 என்றால் அவர் தொடர்ந்து இருக்கலாம் என்று தெளிவாக ஒரு வரி இருக்க வேண்டும். சொல்லாமல் விட்ட பத்திரங்களும் உண்டு. (அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருக்கும் வீடுகளில் 80 சதவீதத்தில் 55 வயது நிரம்பிய ஒருவராவது இருந்தால் போதும். அந்தச் சலுகையை எதிர்பார்த்து வரும் பிள்ளைகளுக்கு, இங்கே அது கிடையாது என்பது புரிவதில்லை.)

விருந்தாளி ஷரத்தில் 15 நாள், 30 நாள் என்று இடத்துக்கு இடம் மாறும். அது ஒரு வருகைக்கா, வருஷத்துக்கா என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பேரன் பேத்திகளுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லீவு. 30 நாள் வருஷக் கணக்கு என்றால் பாதி லீவில் தகராறு வரும்.

எல்லாவற்றிலும் கடுமையானது, "தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறவர்" என்ற ஷரத்து. இடுப்பு முறிந்து படுத்தால் வீட்டைக் காலி செய்து, முடியாதவர்களைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்புப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று அதற்குப் பொருள். முடியாது என்று யார் தீர்மானிப்பது, அவர்கள் டாக்டரா உங்கள் டாக்டரா, எத்தனை நாள் அவகாசம், அங்கே இடம் இல்லையென்றால் என்ன, இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இல்லாத இடத்தில் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். வீட்டோடு அட்டெண்டர் வைத்துக்கொள்ள அனுமதி உண்டென்றால், அவர் எங்கே படுப்பார், சாப்பாட்டுக்குத் தனிக் கட்டணமா, அவர்கள் பட்டியலில் இருந்துதான் ஆள் எடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். சைவம் மட்டும் என்ற ஷரத்து உள்ள இடத்தில் அது அட்டெண்டருக்கும் பொருந்தும். நாகப்பட்டினத்துப் பெண்ணை மாதக்கணக்கில் மீன் இல்லாமல் இருக்கச் சொன்னால் நிற்பாளா? ஒரு குழுவாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள் இப்படிக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு, பார்ஸி கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம்தான் நின்றது. நாய், பூனைக்கு முழுத் தடை போடுவது வேறு விஷயம். அப்படிப் போடக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

சாவு பற்றிய ஷரத்தை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. காவிரிக் கரையில் கடைசிக் காலத்தைக் கழிக்கத்தான் வருகிறோம், கேட்பதில் என்ன கூச்சம்? உடலை வீட்டிலேயே வைக்கலாமா, ஃப்ரீசர் பெட்டிக்கு ஜெனரேட்டர் லைனில் பிளக் உண்டா, வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரும்வரை எத்தனை நாள் அனுமதி, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுக்கைவாட்டில் நுழையுமா. கடைசிக் கேள்விக்கு டேப் எடுத்துப் போய் அளந்துவிடுங்கள். லிஃப்டின் உட்புற ஆழம் ஆறரை அடியாவது வேண்டும். அதற்குப் பிறகு காரியம். பத்து நாளும் நித்யவிதி (இறந்தவருக்குத் தினமும் செய்யும் சடங்கு) செய்கிற குடும்பங்களில் கல் இரண்டு இடத்தில் ஊன்ற வேண்டும், வீட்டு வாசலில் ஒன்று, ஆற்றங்கரையில் ஒன்று. அடுக்குமாடியில் வாசல் என்பது டைல்ஸ் போட்ட காரிடார். அது பொது இடம். அகலமான மண் தொட்டியில் மணல் நிரப்பி அதில் ஊன்றுவது வழக்கமாகிவிட்டது. அதற்கும் எதிர்வீட்டுக்காரரின் சம்மதமும் சங்கத்தின் அனுமதியும் வேண்டும். ஹோமப் புகையில் புகை அலாரம் அலறும் கட்டடங்களில் வீட்டுக்குள் அக்னி வளர்க்க அனுமதி கிடைக்காது. தனிக் காரியக் கொட்டகை உள்ள குடியிருப்பு என்றால் நல்லது. இல்லையென்றால் கும்பகோணத்தில் சக்கரப் படித்துறை, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் என்று கரைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று பாருங்கள். கரை பக்கத்தில் இருந்தால் வீட்டுக்குள் தடை என்ற ஷரத்து பெரிதாக உறுத்தாது.

கட்டுமானக் கட்டுப்பாடுகளில் சில எரிச்சலூட்டினாலும் காரணத்தோடு இருப்பவை. மொட்டை மாடியில் தகர ஷீட் போடக் கூடாது என்பது அப்படி ஒன்று. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது கூரை ஷீட்டுகள் என்ன பாடு படுத்தின என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். தனி வீட்டுத் திட்டங்களில் முற்றத்தை மண் கொட்டி உயர்த்தக் கூடாது என்ற ஷரத்தும் அப்படித்தான்: வயலைத் தூர்த்து மனையாக்கிய இடம், சுற்றிலும் நடவு வயல், ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். நீங்கள் அரை அடி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும். களிமண்ணில் உறிஞ்சுகுழி மழைக்காலத்தில் வேலை செய்யாது. கூடுதலாக ஒரு கழிப்பறை கட்ட அனுமதி மறுப்பது பெரும்பாலும் இதனால்தான். சிமென்ட் தளம் போடாதே, வாய்க்கால் பக்கம் சுவர் எடுக்காதே என்பதெல்லாம் இதே கணக்கு. வெளிச்சுவரின் பெயின்ட் நிறத்துக்கு இப்படி ஒரு காரணமும் கிடையாது. அது அழகுக்கு, பொறுத்துக்கொள்ளலாம்.

பணத்தில் ஒரே ஒரு பொறி. சாப்பாட்டுக் கட்டணம் பராமரிப்போடு சேர்ந்ததா, தனியா? ஆறு மாதம் பிள்ளை வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுத் தொகை கழியுமா, எத்தனை நாள் முன்னால் எழுதிக்கொடுக்க வேண்டும்? பராமரிப்புத் தொகை மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உள்ளே வந்தபின் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் வாயால் கேட்காதீர்கள். கடிதம் இரண்டு பிரதி. அளவோடு ஒரு படம், எந்தச் சுவரில் எத்தனை அடி, துளை எங்கே, வேலை எத்தனை நாள். ஒரு பிரதியில் சங்க முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால், எந்த ஷரத்து, எந்த எண் என்று எழுத்தில் கேளுங்கள். எண் சொல்ல முடியாத மறுப்பு பெரும்பாலும் அங்கேயே தளர்ந்துவிடும். இதே மாதிரி க்ரில் ஏற்கெனவே பத்து வீட்டில் இருந்தால் தேதியோடு படம் எடுத்து இணையுங்கள். பலரை விட்டுவிட்டு ஒருவரை மட்டும் பிடித்தால் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுக்கத் தயங்கும்.

பைலாவையே திருத்த வேண்டுமென்றால், சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது என்று முதலில் பாருங்கள். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் என்றால் 21 நாள் முன்னறிவிப்போடு கூட்டம் போட்டு, வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஓட்டோடு சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்கீழ் பதிவானதென்றால் அதன் விதிகளைப் பாருங்கள். எதுவானாலும், பைலாவைத் திருத்தியதால் கிரயப் பத்திரத்தில் உள்ள ஷரத்து போய்விடாது. அதை எடுக்க, அந்த ஷரத்தால் பலன் பெறுகிற எல்லோரும் சேர்ந்து பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். நூறு வீட்டுக்காரரில் முப்பது பேர் வெளிநாட்டில் இருக்கும் இடத்தில் அது நடக்காது. அப்படிப்பட்ட ஷரத்தோடு வாழ முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்னால் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.