இடாப்பில் இன்னும் இருக்கும் பெயர்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இலங்கையின் மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள். பிந்திப்போன இரண்டாம் தவணை, தரம் 6 முதல் மேல் வகுப்புகளுக்கு மே 6ஆம் திகதி தொடங்கியது. வாசலில் பைச் சோதனை, உள்ளே வெறும் வாங்குகள்.

இப்படியொரு நாளில் வகுப்பாசிரியரை முதலில் விழுத்துவது வரவு இடாப்புத்தான். இறந்த பிள்ளையின் பெயர் அதில் இருக்கும். பழக்கத்தில் வாய் கூப்பிட்டுவிடும். முதல்நாளே எடுத்துப் பார்த்துக் குறித்து வையுங்கள். அந்தக் கதிரையை இரவோடிரவாக அகற்றவும் வேண்டாம். சில நாள் இருக்கட்டும். பிறகு பிள்ளைகளிடம் கேட்டு, முழு வகுப்பின் இருக்கைகளையும் மாற்றுங்கள்.

நடந்ததை மூன்று நாலு வசனத்தில், உறுதியானதை மட்டும் சொல்லுங்கள். எல்லாரையும் வட்டமாக இருத்தி "கண்டதைச் சொல்லு" என்று கேட்பது நல்லெண்ணத்தில் செய்யும் பிழை. காணாத பிள்ளையும் கண்டவனின் காட்சியைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகும். உலக சுகாதார நிறுவனமும் இப்படிச் சொல்லவைப்பதைப் பரிந்துரைப்பதில்லை.

பதினைந்து வயதுக்காரர் அழாமல் இருக்கலாம். சிரிப்பார்கள், சண்டை பிடிப்பார்கள், மேசையில் தலை வைத்துப் படுப்பார்கள். அதைத் திமிர் என்று தண்டித்தால் கதவு மூடிவிடும். பாடத்தை இருபது நிமிடத் துண்டுகளாக்குங்கள். வெடிச் சத்தத்துக்கு ஒரு பிள்ளை உறைந்துபோனால் கண்ணை மூடச் சொல்லாதீர்கள், மூடினால் காட்சிதான் வரும். பாதத்தை நிலத்தில் ஊன்றி, தெரியும் ஐந்து பொருளைச் சொல்லி, மூச்சை மெதுவாக வெளிவிடட்டும். ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவு, பாடசாலைக்கு வர மறுப்பு என்றால் உளவளத்துணை ஆசிரியரிடம் அனுப்புங்கள். சாகும் பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது, தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம்.

கிழக்கில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கும் இடங்கள் உண்டு. குண்டு வைத்தவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதிகள் என்பதால், முஸ்லிம் பிள்ளையைப் பார்த்து "உங்கட ஆக்கள்" என்ற குத்தல் விழுந்த அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இடைவேளை வரை விட்டால் அது சண்டையாகிவிடும்.

ஆசிரியரை யார் பார்ப்பது? போர், 2004 சுனாமி எல்லாம் அவர் உடம்பிலும் இருக்கிறது. உறவை இழந்தவரைப் பைச் சோதனையில் நிறுத்தாதீர்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு ஒரு சைகை பேசி வையுங்கள். அவர் ஐந்து நிமிடம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு முன்னால் கண் கலங்கினால் பரவாயில்லை. அவர்கள் எழும்பி வந்து உங்களைத் தேற்றத் தொடங்கினால், அந்தச் சைகையைக் காட்டுங்கள்.