மகள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆட: கலிஃபோர்னியாவில் நவம்பர் முதல் மார்ச் வரை

கலிஃபோர்னியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் பெண்கள் அணி மாநிலப் பட்டம் வரை போகுமா என்பது ஆடுகளத்தில் மட்டும் முடிவாவதில்லை. மதிப்பெண் குறைந்த ஒருத்தி, வீடு மாறியதைச் சரியாக நிரூபிக்காத ஒருத்தி, கிறிஸ்துமஸ் விடுமுறையில் பள்ளிக்கு வெளியே உள்ள கிளப் அணிக்கு ஆடிய ஒருத்தி என்று தகுதியில்லாத ஒரே ஒரு ஆள் களமிறங்கியிருந்தாலும் போதும், வென்ற ஆட்டங்களைப் பின்னால் தோல்வியாக எழுதிவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளின் உழைப்பு ஒரு காகிதத்தால் போவது கொடுமை. பெற்றோர் எல்லாக் கேள்வியையும் பயிற்சியாளரிடம்தான் கேட்கிறார்கள். அதில் முக்கால்வாசி அவர் கையில் இல்லை.

யார் கையில் எது இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளி விளையாட்டுக்கு மாநிலம் முழுவதற்குமான அமைப்பு சி.ஐ.எஃப். (கலிஃபோர்னியா இன்டர்ஸ்கொலாஸ்டிக் ஃபெடரேஷன்). 1914இல் தொடங்கியது. அது அரசுத் துறை அல்ல, பள்ளிகளே உறுப்பினராக இருந்து நடத்தும் அமைப்பு. அதன் கீழே பத்து செக்‌ஷன்கள். சான் ஹோசே பக்கம் சென்ட்ரல் கோஸ்ட், ஃப்ரீமாண்ட் பக்கம் நார்த் கோஸ்ட், லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பள்ளிகளுக்குத் தனி செக்‌ஷன், அதைச் சுற்றியுள்ள பெரும் பரப்புக்கு சதர்ன் செக்‌ஷன் என்று பிரிந்திருக்கும். செக்‌ஷனுக்குள் லீக்குகள், லீக்குக்குள் பள்ளிகள். ஆட்ட விதிகளை எழுதுவது என்.எஃப்.எச்.எஸ். என்ற தேசியக் கூட்டமைப்பு; ஆனால் உங்கள் மகள் ஆடலாமா கூடாதா என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. பள்ளி மாறி வந்தவரின் தகுதியை செக்‌ஷன் அலுவலகம் முடிவு செய்யும். மதிப்பெண்ணைப் பள்ளி மாவட்டமும் (அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பள்ளியும் பார்க்கும். யாரைக் களமிறக்குவது, எத்தனை நிமிடம் ஆடவிடுவது என்பது மட்டும்தான் பயிற்சியாளர் வேலை. பள்ளியில் நீங்கள் பிடிக்க வேண்டிய ஆள் அத்லெடிக் டைரக்டர், அதாவது விளையாட்டுப் பொறுப்பாளர். செக்‌ஷனுக்கு நீங்கள் நேராக விண்ணப்பிக்க முடியாது. அவர் வழியாகத்தான் போகும்.

அணிக்கு ஆள் எடுக்கும் டிரைஅவுட் நவம்பர் தொடக்கத்தில் வரும். அதற்கு முன் மருத்துவப் பரிசோதனைப் படிவம் முடிந்திருக்க வேண்டும். இது ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது. அக்டோபர் கடைசியில் டாக்டரிடம் நேரம் கேட்டால் கிடைக்காது, கோடையிலேயே முடித்துவிடுங்கள். தலையில் அடிபடுதல் பற்றிய தாள், திடீர் இதய நிறுத்தம் பற்றிய தாள், இரண்டிலும் பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்திட வேண்டும். விபத்து மருத்துவச் செலவுக்குக் காப்பீடு இருப்பதைக் காட்ட வேண்டும். சட்டம் கேட்கும் குறைந்த அளவு 1,500 டாலர்தான், குடும்பக் காப்பீடே போதும்.

பணம் பற்றி ஒரு விஷயம், பலருக்குத் தெரியாதது. 1984இல் ஹார்ட்ஸெல் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகள் விளையாட்டு போன்ற கூடுதல் செயல்பாடுகளுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதனால்தான் அரசுப் பள்ளிகளில் "நன்கொடை" என்று எழுதிக் கேட்பார்கள். கொடுப்பது நல்லது, கொடுக்க முடிந்தால் கொடுங்கள். ஆனால் கொடுக்காத பிள்ளைக்குச் சீருடை இல்லை, பேருந்தில் இடமில்லை என்று சொன்னால் அது சட்டவிரோதம். பள்ளி முதல்வரிடம் எழுத்தில் புகார் தரலாம். ஆதாரம் இருந்தால் பெயரில்லாமலும் தரலாம். 60 நாளில் பதில் வர வேண்டும்.

இந்தியாவிலிருந்து குடும்பத்தோடு வந்து பத்தாம் அல்லது பதினொன்றாம் வகுப்பில் சேர்பவர்கள் இரண்டு கணக்குகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஜூன் 15க்கு முன் 19 வயது நிறைந்தால் அடுத்த கல்வியாண்டில் ஆட முடியாது. இரண்டாவது, ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகச் சேர்ந்த நாளிலிருந்து தொடர்ச்சியாக எட்டு செமஸ்டர்கள் மட்டுமே தகுதி. சென்னையிலோ கோவையிலோ படித்த ஒன்பதாம் வகுப்பும் இதில் சேரும். "ஆங்கிலம் பழகட்டும், ஒன்பதையே இன்னொரு முறை படிக்கட்டும்" என்று சேர்த்தால், பன்னிரண்டாம் வகுப்பு வரும்போது எட்டு செமஸ்டர் முடிந்திருக்கும். வீராங்கனைகளைத் தேடும் கல்லூரிகள் கண்ணில் படக்கூடிய ஆண்டு அதுதான். சேர்க்கும்போதே படிப்புக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடமும் அத்லெடிக் டைரக்டரிடமும் சேர்த்துப் பேசுங்கள். ஒருவருக்குத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாது.

மிக அதிகமாகச் சிக்கல் வருவது பள்ளி மாற்றத்தில். ஒன்பதாம் வகுப்பில் முதலில் எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் கேள்வி இல்லை. அதற்குப் பிறகு மாறினால், குடும்பம் முழுவதும் உண்மையாகவே வீடு மாறியிருக்க வேண்டும். முழுவதும் என்றால் முழுவதும்: அம்மாவும் மகளும் புதிய அபார்ட்மெண்டில், அப்பாவும் தம்பியும் பழைய வீட்டில் என்றால் ஏற்க மாட்டார்கள். வாடகை ஒப்பந்தம், மின்சார, தண்ணீர் கட்டண ரசீதுகள், பழைய வீட்டை விற்றதற்கோ காலி செய்ததற்கோ சான்று எல்லாம் தேவை. பெற்றோர் பிரிந்திருந்தால் நீதிமன்ற உத்தரவு. இரண்டு பள்ளிகளும் பள்ளி மாற்றப் படிவத்தில் தம் பகுதியை நிரப்ப வேண்டும் என்பதால் பழைய பள்ளியின் பதிலுக்காகவே பல நாட்கள் போகும். பழைய பயிற்சியாளரிடம் மனக்கசப்போடு கிளம்பியிருந்தால் அது அந்தப் படிவத்தில் தெரியும். போகும்போது முறையாகச் சொல்லிக்கொண்டு போங்கள்.

வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால், முதல் முறையாக இருக்கும் பட்சத்தில் சிட்-அவுட் காலம் என்று ஒன்று உண்டு. பருவத்தின் ஏறத்தாழ பாதி வெளியே உட்கார வேண்டும். பயிற்சி செய்யலாம், ஆட முடியாது. கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டி அது முடியும். தேதியை ஒவ்வோர் ஆண்டும் முன்கூட்டியே அறிவிப்பார்கள். லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஜனவரியில் என்பதால் இது தாங்கக்கூடியதே. இரண்டாவது முறையும் வீடு மாறாமல் மாறினால், கடந்த 12 மாதத்தில் ஆடிய விளையாட்டில் ஓராண்டுக்கு வார்சிட்டி (பள்ளியின் முதல் அணி) கிடையாது, ஜே.வி. (அதற்கு அடுத்த அணி) மட்டும்தான்.

இங்கேதான் சிலர் முகவரியைப் புனைகிறார்கள். நண்பர் வீட்டு முகவரி, இரண்டு மாதம் மட்டும் எடுத்த அபார்ட்மெண்ட், திருத்திய மின் ரசீது. இதைச் செய்யவே செய்யாதீர்கள். தவறான தகவல் தந்ததற்கு 24 மாதம் வரை தகுதி நீக்கம் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் அது பாதி வாழ்க்கை. சிட்-அவுட்டில் பாதிப் பருவம்தான் போகும் என்ற நிலையில், அதைத் தவிர்க்கப் பொய் சொல்லி இரண்டு ஆண்டுகளை இழப்பதில் ஒரு கணக்கும் இல்லை. செக்‌ஷன்கள் இப்போது ஆவணங்களை ஆழமாகச் சரிபார்க்கின்றன.

மதிப்பெண்ணுக்கு வருவோம். மாநில விதியின்படி, முந்தைய மதிப்பீட்டுக் காலத்தில் குறைந்தது 20 செமஸ்டர் கிரெடிட் தேறியிருக்க வேண்டும், அதாவது சாதாரணமாக நான்கு பாடம். அதோடு 2.0 ஜி.பி.ஏ. வேண்டும், அதாவது சராசரியாக 'சி' தரம். மாவட்டங்கள் இதைவிடக் கடுமையாக வைக்கலாம். நம் வீடுகளில் 2.0 என்றதும் சிரிப்பார்கள். ஆனால் அணியில் ஆடும் எல்லாப் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். ஆபத்து எங்கே என்றால், கூடைப்பந்து இரண்டு செமஸ்டர்களுக்கும் குறுக்கே ஓடுகிறது. பல பள்ளிகளில் முதல் செமஸ்டர் டிசம்பரில் முடிந்து மதிப்பெண் ஜனவரியில் வெளியாகும். நவம்பரில் தகுதியோடு இருந்தவள், ப்ளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுக்கு ஒரு மாதம் முன்பு தகுதி இழக்கலாம். நல்ல பயிற்சியாளர்கள் டிசம்பர் தொடக்கத்திலேயே எல்லார் மதிப்பெண்ணையும் வாங்கிப் பார்த்து, சறுக்குபவர்களுக்கு ஆசிரியரிடம் நேரம் வாங்கித் தருவார்கள். உங்கள் பயிற்சியாளர் அப்படிச் செய்யவில்லை என்றால் பெற்றோர் குழு கேட்டுச் செய்ய வைக்கலாம். மாவட்டம் அனுமதித்தால் ஒரு செமஸ்டருக்கு மிகாத கண்காணிப்புக் காலமும் உண்டு. அதைக் கேட்டுப் பெற வேண்டும், தானாக வராது.

கிளப் அணி விஷயம் இன்னும் எளிது, இன்னும் அடிக்கடி மீறப்படுவது. பள்ளிப் பருவம் தொடங்கி உங்கள் அணியின் கடைசி ஆட்டம் முடியும்வரை, அதே விளையாட்டில் வெளி அணிக்கு ஆடக் கூடாது. விடுமுறையில் ஒரு டோர்னமெண்டுக்கு ஆள் குறைகிறது, ஒரே ஒரு நாள் என்று கிளப் பயிற்சியாளர் கூப்பிடுவார். முதல் முறை மீறினால், வெளியே ஆடிய ஆட்டங்களைப் போல் இரண்டு மடங்கு பள்ளி ஆட்டங்களில் உட்கார வேண்டும். ஒரு வார இறுதியில் நான்கு ஆட்டம் ஆடினால் எட்டு போய்விடும்.

ஆட்ட நாளில் ஸ்கோர் மேசையில் நாங்கள் பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே பெயர், எண் பட்டியல் மேசைக்கு வர வேண்டும். பிறகு ஒரு எண்ணைத் திருத்தினாலும் டெக்னிகல் ஃபவுல், எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ போய்விடும். சட்டை எண்களில் 0 முதல் 5 வரையான இலக்கங்களே வரலாம். நடுவர் ஒரு கைக்கு ஐந்து விரல் காட்டித்தான் எண்ணைச் சொல்வார் என்பதால் 17, 28 எல்லாம் கிடையாது. நகை எதுவும் கூடாது. மூக்குத்தி, தோடு மேல் டேப் ஒட்டினாலும் ஏற்க மாட்டார்கள், கழற்றினால்தான் உள்ளே. புதிதாகக் குத்திய துளை கழற்றினால் தூர்ந்துவிடும். ஆகவே மூக்கு குத்துவதாக இருந்தால் ஏப்ரலில் குத்துங்கள், அக்டோபரில் வேண்டாம். கால்பகுதி எட்டு நிமிடம், பெண்களுக்கு 30 விநாடி ஷாட் கிளாக், அதற்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும். 2023-24 முதல் அணி ஃபவுல்கள் ஒவ்வொரு கால்பகுதிக்கும் புதிதாக எண்ணப்படுகின்றன. ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது என்ற பழைய ஒன்-அண்ட்-ஒன் நினைவிலேயே கத்தும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள்.

தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. சந்தேகம் இருந்தாலே போதும். மருத்துவரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கன்கஷன் (மூளை அதிர்ச்சி) என்று உறுதியானால் திரும்பி வரும் படிநிலைகள் ஏழு நாளுக்குக் குறையாமல் நடக்க வேண்டும். இது மாநிலச் சட்டம். இறுதி ஆட்டம் என்பதற்காக எந்தப் பயிற்சியாளராலும் தளர்த்த முடியாது, தளர்த்தக் கேட்கவும் கூடாது. பயிற்சி வாரத்துக்கு 18 மணி நேரம், நாளுக்கு நான்கு மணி நேரம்தான். ஓர் ஆட்டம் மூன்று மணி நேரமாகக் கணக்காகும். பெண் பிள்ளைகளுக்கு முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிவது பையன்களைவிட அதிகம். தாண்டி இறங்கும் முறையைப் பழக்கும் வார்ம்-அப்பை எந்த வாரமும் விடக் கூடாது.

பிப்ரவரி நடுவில் செக்‌ஷன் ப்ளேஆஃப். அதை வென்றவர்களும், செக்‌ஷனுக்கு ஒதுக்கிய கூடுதல் இடங்களில் வருபவர்களும் வடக்கு, தெற்கு என்று மண்டலப் போட்டிக்குப் போவார்கள். இங்கே பலர் குழம்புகிறார்கள்: செக்‌ஷனில் மூன்றாம் பிரிவில் ஆடிய அணி மண்டலத்தில் வேறு பிரிவில் வைக்கப்படலாம். பள்ளியின் அளவை வைத்துப் பிரிப்பதில்லை, அந்த ஆண்டு அணியின் பலத்தை வைத்தே பிரிக்கிறார்கள். மிகப் பலமான அணிகளுக்கு 2013 முதல் ஓப்பன் டிவிஷன் தனியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வெளியாகும், செவ்வாய்க்கிழமையே முதல் ஆட்டம், பிறகு வியாழன், சனி, மறுபடி செவ்வாய். தர வரிசையில் மேலே உள்ள அணியின் மைதானத்தில் ஆட்டம் நடக்கும், இரண்டு மூன்று மணி நேரப் பயணம் சாதாரணம். பேருந்து, சாப்பாடு, தவறவிடும் தேர்வு மூன்றுக்கும் ஞாயிறு மாலையே ஏற்பாடு செய்தாக வேண்டும். மாநில இறுதி மார்ச் நடுவில், சாக்ரமெண்டோவின் கோல்டன் 1 சென்டரில். பெண்களுக்கு இந்த மாநில இறுதி 1981இல் தொடங்கியது. 2023, 2024, 2025 என மூன்று ஆண்டும் ஓப்பன் பட்டம் எடிவாண்டா உயர்நிலைப் பள்ளிக்குப் போனது. அது அரசுப் பள்ளி என்பதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

ஜிம் பையன்களுக்கு மூன்றரை மணிக்கு, பெண்களுக்கு ஏழு மணிக்கு என்றே பருவம் முழுவதும் ஒதுக்கினால் பேசாமல் இருக்காதீர்கள். கல்வியில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972இன் டைட்டில் நைன் சட்டம் அணிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. பயிற்சி நேரம், உடை மாற்றும் அறை, பயிற்சியாளர், பயணம், கருவி எல்லாவற்றையும் பார்க்கிறது. பையன்களின் பூஸ்டர் கிளப் (அணிக்குப் பணம் திரட்டும் பெற்றோர் குழு) அதிகப் பணம் திரட்டியது என்பது பள்ளிக்குச் சாக்காகாது. மிச்சிகனில் பெண்கள் கூடைப்பந்தை நாட்டில் மற்ற இடங்களுக்கு மாறாக இலையுதிர் காலத்தில் வைத்திருந்தார்கள். கல்லூரிகள் தேடும் காலத்தில் அந்தப் பெண்கள் கண்ணில் படவில்லை. 1998இல் பெற்றோர் மாநில அமைப்பின் மீது வழக்குப் போட்டு வென்று, 2007-08இல் பருவம் மாறியது. கலிஃபோர்னியா அரசுப் பள்ளிகள் ஆண்டுதோறும் ஆண், பெண் வாரியாக மாணவர், வீரர், அணி எண்ணிக்கையை வெளியிட வேண்டும். பள்ளி இணையதளத்தில் அதைத் தேடி எடுத்து, மாவட்ட டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதும் கடிதத்தில் அந்த எண்களையே போடுங்கள். இரண்டு வாரத்து ஜிம் அட்டவணைப் படமும் சேரட்டும்.

செக்‌ஷன் தகுதியை மறுத்தால் மாநில அலுவலகத்துக்கு மேல்முறையீடு உண்டு. மறுப்புக் கடிதத்தில் காலக்கெடு இருக்கும். கடிதம் வந்த அன்றே நாட்காட்டியில் குறியுங்கள். புதிய ஆவணம் இருந்தால்தான் முடிவு மாறும். பிள்ளையின் திறமையைப் பற்றி எழுதும் பக்கங்களை யாரும் எடைபோடுவதில்லை.

கடைசி ஆட்டம் முடிந்ததும் கிளப் பருவம் தொடங்கும். அங்கேதான் அடுத்த ஆண்டுக்கு வேறு பள்ளிக்கு வரச் சொல்லும் பேச்சு வரும். மாறுவதற்கு முன் புதிய பள்ளியின் பயிற்சியாளரோ அவர் சார்பில் ஒருவரோ உங்களோடு பேசியிருந்தால், அதைப் பள்ளி மாற்றப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். ஆள் இழுத்ததாகத் தெரிந்தால் தகுதியே போகும். கிளப் பயிற்சியாளரே பள்ளிப் பயிற்சியாளராகவும் இருந்தால் கேள்விகள் இன்னும் கூடும். யார் கேட்டாலும், பள்ளி அலுவலகத்தில் பேசிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, அத்லெடிக் டைரக்டருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.