டீட்ரிச்சின் கன்னமும் கீ லைட்டின் உயரமும்

ஒரு டைரக்டர் தன் கதாநாயகி மேல் எவ்வளவு பித்தாக இருந்தார் என்பதைக் கிசுகிசுவில் தேட வேண்டியதில்லை. லைட்டை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க், மார்லீன் டீட்ரிச்சை வைத்து 1930 முதல் 1935 வரை ஏழு படம் எடுத்தார். பெர்லினில் எடுத்த 'தி ப்ளூ ஏஞ்சல்' படத்தில் டீட்ரிச்சின் முகம் உருண்டை. அதே ஆண்டு ஹாலிவுட்டில் வந்த 'மொராக்கோ'வில் கன்னம் ஒட்டி, எலும்பு எடுப்பாகத் தெரிகிறது. உடம்பு இளைத்ததும் மேக்கப்பும் கொஞ்சம் காரணம்தான். பெரும்பங்கு கீ லைட்டுக்கு, அதாவது முகத்தில் விழும் முதன்மையான லைட்டுக்கு.

கீ லைட்டை முகத்துக்கு நேர் எதிரே, கேமராவுக்கு மேலே, கண்மட்டத்திலிருந்து சுமார் 45 டிகிரி ஏற்றத்தில் வைக்க வேண்டும். மூக்குக்குக் கீழே பட்டாம்பூச்சி வடிவில் சின்ன நிழல் விழும். அது மேலுதட்டைத் தொடக்கூடாது. தொட்டால் மீசை மாதிரி தெரியும். லைட்டை இன்னும் ஏற்றினால் கன்னக்குழி ஆழமாகும், ஆனால் கண் இருண்டுவிடும். அதைச் சரிக்கட்ட நடிகை தாடையைச் சற்றுத் தூக்க வேண்டும். பின்னால் ஒரு லைட் போட்டு முடியைப் பின்னணியிலிருந்து பிரிப்பார்கள். ஹாலிவுட் ஸ்டூடியோவான பாரமவுண்டின் பெயரால், பாரமவுண்ட் லைட்டிங் என்றே இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. லீ கார்ம்ஸ் ஒளிப்பதிவு செய்த 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' (1932) அவருக்கு ஆஸ்கரையும் தந்தது.

சிக்கலும் இந்த லைட்டிலேயே இருக்கிறது. தலையை ஓர் அங்குலம் திருப்பினால் நிழல் ஒரு பக்கமாக ஓடிவிடும். அதனால் நடிகை அசையக்கூடாது. கதவில் சாய்ந்து, தூணில் சாய்ந்து, புகைவிட்டபடி டீட்ரிச் அப்படியே நிற்கும் ஷாட்கள் இந்தப் படங்களில் ஏராளம். முகத்தைப் பிடித்து வைக்கும் ஆசை, கடைசியில் ஆளையே பிடித்து வைத்துவிடுகிறது.

'தி ஸ்கார்லெட் எம்ப்ரஸ்' (1934) கல்யாணக் காட்சியைப் பாருங்கள். முக்காடு போட்ட முகத்துக்கு வெகு அருகில் ஒரு மெழுகுவர்த்தி. பெண் வாய் திறப்பதில்லை. அவள் மூச்சுக்குச் சுடர் அல்லாடுகிறது, அணையப் போய் மறுபடி எழுகிறது. அவள் பயம் முழுவதும் அந்தச் சுடரில்தான் இருக்கிறது. பித்து கலையாக மாறிய இடம் இது. இதற்கு நிகரான க்ளோசப் சினிமாவில் மிகக் குறைவு.

படம் ஓடவில்லை. அடுத்த 'தி டெவில் இஸ் எ வுமன்' படத்துக்கு ஸ்டெர்ன்பெர்க் தானே ஒளிப்பதிவில் இறங்கினார். அதில் டீட்ரிச்சின் பாத்திரத்திடம் ஏமாந்து அலைபவராக வரும் நடிகர் லயனல் அட்வில், மீசையிலும் தோரணையிலும் ஸ்டெர்ன்பெர்க்கையே நினைவூட்டுவார். அதுவும் விழுந்தது. பாரமவுண்ட் ஸ்டெர்ன்பெர்க்கின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

டீட்ரிச் அந்த லைட்டைக் கற்றுக்கொண்டுதான் போனார். பிறகு வேறு டைரக்டர்களின் செட்டில் கேமரா பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி வைத்து, தன் மூக்கு நிழல் எங்கே விழுகிறது என்று தானே பார்த்துக்கொள்வார்.