அம்மாவின் கிரைண்டரும் 17ஆம் மாதிரியும்

தீட்டிய அரிசியில் ஒரு கிலோவுக்கு 12 மில்லிகிராம் இரும்பு. அந்த எண்ணைத் திரையில் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வெள்ளை அரிசியில் வழக்கமாக 2 இருக்கும், மிஞ்சினால் 3. நெல்லில் இரும்பைக் கூட்ட முயல்கிறவர்கள் வைத்திருக்கும் இலக்கே 13தான். கொழும்பில் பொரளைப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றில் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத ஒருத்தி அதைத் தொட்டுவிட்டாள்! அதுவும் ஒன்றில் அல்ல. 17 முதல் 20 வரை நான்கு மாதிரிகளிலும். நான்கும் ஒரே பகுதியிலிருந்து வந்த நாட்டு நெல். ஆகவே ஒரே மூதாதை, அதில் ஓர் அரிய பரம்பரை அலகு என்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முழுக் கதையையும் கட்டி முடித்திருந்தேன்.

எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அக்கா எதற்கும் பதறமாட்டார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, “குரோமியம் எவ்வளவு வந்திருக்கிறது, தங்கச்சி?” என்று கேட்டார்.

முதல் 16 மாதிரிகளில் குரோமியம் இல்லை என்றே சொல்லலாம். கடைசி நான்கிலும் துருத்திக்கொண்டு நின்றது. துருப்பிடிக்காத உருக்கு உரசிய இடத்தில்தான் இரும்பும் குரோமியமும் இப்படிச் சோடியாக வரும்.

“எதில் அரைத்தீர்கள்?”

ஆய்வுகூடத்தில் சிர்கோனியா என்ற, இரும்பு கலக்காத பீங்கான் உருண்டைகள் போட்டு அரைக்கும் ஆலை இருக்கிறது. அதன் கிண்ணம் வெடித்துவிட்டதால், மிச்சமிருந்த நான்கையும் வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய் அம்மாவின் கிரைண்டரில் அரைத்திருந்தேன். “நன்றாகக் கழுவிவிட்டுத்தான்...” என்று இழுத்தேன். அக்கா திட்டியிருந்தால் தேவலை.

என் அரிய பரம்பரை அலகு அம்மாவின் கிரைண்டர் தகட்டில் இருந்திருக்கிறது. தகடு மூன்று நிமிடத்தில் செய்த வேலையை நெற்பயிரைக் கொண்டு செய்விக்கத்தான் இத்தனை பேர் இத்தனை ஆண்டுகளாக மாரடிக்கிறார்கள்.

அன்று பிற்பகல் அக்கா என்னை வேறொரு வேலையில் உட்கார வைத்தார். உமி நீக்கிய நெல்மணியைச் சவர அலகால் நெடுக்காகப் பிளந்து, பொற்றாசியம் பெரோசயனைட்டும் ஐதரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் போட வேண்டும். இரும்பு இருக்கும் இடம் நீலமாகும். உருப்பெருக்கியில் பார்த்தேன். மணியைச் சுற்றிப் பென்சிலால் வரைந்ததுபோல ஒரு மெல்லிய நீலக் கோடு. ஒரு மூலையில், முளை இருக்கும் இடத்தில், மை கொட்டியதுபோல அடர் நீலம். நடுவே, நாம் சோறென்று உண்ணும் பகுதி முழுவதும், வெள்ளை. ஆலையில் தீட்டும்போது அந்தக் கோடும் மூலையும் தவிடாகப் போய்விடுகின்றன. தவிட்டோடு உண்டாலும் முழுப் பயன் இல்லை. அங்கே இரும்பைப் பைற்றிக் அமிலம் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கம்புக்கு இந்தக் கஷ்டம் குறைவு. அதன் வகைகளுக்குள்ளேயே இரும்பின் அளவு வெகுவாக வேறுபடுகிறது. தீட்டி வெள்ளையாக்குவதும் இல்லை. தெரிவு செய்து கலப்பதன் மூலமே இந்தியாவில் ‘தனசக்தி’ என்ற வகையை வெளியிட முடிந்தது. தீட்டிய அரிசியில் தெரிவு செய்ய அவ்வளவு வேறுபாடு இல்லை. அதனால்தான் 1999இல் ஜப்பானியர் சோயா அவரையின் பெரிற்றின் பரம்பரை அலகை நெல்மணியின் நடுப்பகுதியில் இயங்க வைத்தார்கள். பெரிற்றின் இரும்பைச் சேமிக்கும் புரதம். மணியில் இரும்பு மூன்று மடங்குவரை கூடியது. ஆனால் பத்தாயத்தைப் பெரிதாகக் கட்டினால் போதுமா, நெல்லைக் காவி வர ஆள் வேண்டாமா? பயிருக்குள் இரும்பைக் காவிச் செல்லும் நிக்கோற்றியனமைனை ஆக்கும் பரம்பரை அலகையும் சேர்த்த பிறகுதான், 2016இல் வெளியான வயல் சோதனையில் தீட்டிய அரிசியில் 15 மில்லிகிராம் காட்ட முடிந்தது.

எனக்குப் பிடித்த ஆய்வு அதைவிட அடக்கமானது. மணிலாவிலுள்ள கன்னியர் மடங்களில் ஒன்பது மாதம், சாதாரண இனவிருத்தியால் வந்த இரும்பு கூடிய அரிசியைச் சமைத்துக் கொடுத்தார்கள். 2005இல் வெளியான முடிவு: உடலின் இரும்புச் சேமிப்பு சற்றே உயர்ந்தது, ஹீமோகுளோபின் உயரவில்லை. அதை அப்படியே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். 12ஐக் கண்டு துள்ளியவள் என்ற முறையில், அந்தச் ‘சற்றே’ எனக்குப் பெரிய சொல்லாகத் தெரிகிறது.

புதிய கிண்ணம் வந்ததும் நான்கையும் மறுபடி அரைத்தேன். 2.4, 2.1, 2.8, 2.3. பழைய பக்கத்தைக் கிழிக்க அக்கா விடவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ‘வீட்டுக் கிரைண்டர்’ என்று என் கையாலேயே எழுத வைத்தார்.

கிரைண்டரில் இப்போது அம்மா பிட்டுக்கு மா அரைக்கிறார். “அதிலிருந்து இரும்பு விழுகிறது, அம்மா” என்றேன்.

“நல்லதுதானே, உனக்குத்தான் இரத்தம் காணாது” என்றபடி பிட்டையும் தேத்தண்ணீரையும் சேர்த்தே நீட்டினார். சாப்பாட்டோடு குடித்தால் தேயிலைச் சாயம் இரும்பை உடலில் சேரவிடாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதற்குள் ஒரு மிடறு இறங்கியிருந்தது.