கவருக்குள் கவர்: 2020 அமெரிக்கத் தேர்தல்

கொரோனா காலத்து அதிபர் தேர்தல் என்றதும் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரம் ஞாபகம் வரும். 2020 ஜூன் 20 அன்று, சுமார் 19 ஆயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கில் டிரம்ப் பேசினார். தீயணைப்புத் துறைக் கணக்கில் வந்தவர்கள் ஏறக்குறைய 6,200 பேர். பைடன் கூட்டங்களில் ஆட்கள் காரிலேயே உட்கார்ந்து, கைதட்டுவதற்குப் பதில் ஹாரன் அடித்தார்கள். டிவிக்கு நல்ல தீனி. ஆனால் அந்த வருடம் பிரசாரத்தின் நிஜ வேலை தபால் கவரைத் துரத்துவதுதான். 6 கோடிக்கும் மேற்பட்ட ஓட்டுகள் தபால் வழியே வந்தன.

துரத்துவது எப்படி? ஒவ்வொரு வாக்காளர் பெயருக்கும் மூன்று தேதிகள்: விண்ணப்பித்தது, வாக்குச்சீட்டு அனுப்பப்பட்டது, திரும்பி வந்தது. யாருக்கு ஓட்டு என்பது ரகசியம்; கவர் வந்ததா என்பது ரகசியமல்ல. பல மாநிலங்களில் தேர்தல் அலுவலகமே அந்தப் பட்டியலைக் கட்சிகளுக்குத் தரும். வந்து சேர்ந்த பெயர்களை அடித்துவிட்டு, சீட்டை வீட்டில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பவர்களுக்குத்தான் போன், குறுஞ்செய்தி எல்லாம். சீக்கிரம் வரும் ஒவ்வொரு கவரும் ஒரு போன் செலவை மிச்சப்படுத்தும். கையெழுத்து விடுபட்டிருந்தால், திருத்த அனுமதிக்கும் மாநிலங்களில் சரிசெய்யவும் அவகாசம் கிடைக்கும்.

போனில் செய்யக் கடினமானது புது வாக்காளர் சேர்ப்பு. கல்லூரி வாசலிலும் திருவிழாக் கூட்டத்திலும் படிவத்தோடு நிற்கும் வேலை அது. டிரம்பின் குடியரசுக் கட்சி ஜூனிலேயே மறுபடி வீடு வீடாகப் போக ஆரம்பித்தது. பைடனின் ஜனநாயகக் கட்சியினர் பெரும்பாலும் அக்டோபர் வரை வாசற்படி மிதிக்கவில்லை. ஜெயித்துவிட்டார்கள் என்பதற்காக அதைச் சரியான கணக்கு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பென்சில்வேனியா மாநிலத்தில் இன்னொரு சிக்கல். சீட்டை மடித்து முதலில் உள்கவரில் போட்டு ஒட்ட வேண்டும். அதில் பெயர், கிறுக்கல் எதுவும் கூடாது. அதை வெளிக்கவரில் போட்டு, பின்பக்க உறுதிமொழியில் கையெழுத்தும் தேதியும் இட வேண்டியிருந்தது. உள்கவர் இல்லாமல் வந்த சீட்டுக்கு 'நிர்வாணச் சீட்டு' என்று பெயர். அதை எண்ணக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. அதன்பின் போன் செய்தவர்களின் முதல் வரியே “இரண்டு கவர், மறக்காதீங்க” என்றாக வேண்டியிருந்தது. நடிகர்கள் சிலர் சட்டையில்லாமல் வீடியோவில் வந்து இதை விளக்கினார்கள். சிரிப்பாக இருந்தாலும் மனதில் பதிந்திருக்கும்.

எண்ணிக்கையிலும் அதே கவர்தான் தொல்லை. புளோரிடா தேர்தலுக்கு வாரக்கணக்கில் முன்பே தபால் ஓட்டுகளைப் பிரித்துச் சரிபார்க்கலாம். அங்கே முடிவு அன்றிரவே தெரிந்தது. பென்சில்வேனியாவில் நவம்பர் 3 காலை 7 மணிக்கு முன் ஒரு கவரைக்கூடக் கிழிக்க முடியாது. தபாலில் ஜனநாயகக் கட்சி ஓட்டு அதிகம் என்பதால், முதல் இரவு டிரம்ப் முன்னிலை, பிறகு மெல்லச் சரிவு. வெளிக்கவரைக் கிழித்து, உள்கவரைக் கிழித்து, மடிப்பை நீவி நிமிர்த்தினால்தான் சீட்டு ஸ்கேனரில் சிக்காமல் போகும். அப்படி அங்கே வந்தவை சுமார் 26 லட்சம் கவர்கள். ஊடகங்கள் பைடன் வெற்றியை அறிவித்தபோது சனிக்கிழமை, நவம்பர் 7 ஆகியிருந்தது.